முதல் தனிப்பறப்பு

முதல் தனிப்பறப்பு என்பது, விமானம் ஓட்டக் கற்கும் மாணவர், பயிற்றுநர் உடன் இல்லாமல் முதன்முறையாகத் தாமே விமானத்தை மேலெழுப்பி, ஒரு சுற்று வந்து, தரையிறக்குவதாகும். விமானப் பயிற்சிப் பள்ளிகளில் இதனைச் சுருக்கமாக ‘சோலோ’ என்பர். சில நிமிடங்களில் முடிந்துவிடும் இப்பறப்பில் புதிதாக எதுவும் செய்யப்படுவதில்லை. அதுவரை பலமுறை வந்த அதே சுற்றுதான். ஆனால் தவறு நேர்ந்தால் கைகொடுக்கப் பக்கத்து இருக்கையில் ஆள் இருக்கமாட்டார்.

வரலாறு

விமானம் தோன்றிய காலத்தில் முதல் பறப்பே தனிப்பறப்பாகத்தான் இருந்தது. 1903 டிசம்பர் 17 அன்று ஆர்வில் ரைட் 12 வினாடிகள் பறந்தபோது, அவருக்குக் கற்றுக்கொடுக்க உலகில் எவரும் இல்லை. 1910இல் சென்னையில் உணவு விடுதி நடத்திவந்த ஜியாகோமோ டி’ஏஞ்சலிஸ், சிம்சன் நிறுவனத்தில் செய்யப்பட்ட விமானத்தைப் பல்லாவரத்தில் ஓட்டிக் காட்டினார். அவர் நிலையும் ஏறத்தாழ அதுவே.

முதல் உலகப் போரில் எதிரியிடம் மட்டுமன்றிப் பயிற்சியிலும் இளம் விமானிகள் ஏராளமாக இறந்தனர். 1917இல் இங்கிலாந்தின் காஸ்போர்ட் நகரில் ராபர்ட் ஸ்மித்-பேரி என்ற அதிகாரி இதற்கு ஒரு வழி கண்டார். இருவருக்கும் தனித்தனிக் கட்டுப்பாட்டுக் கருவிகள் உள்ள விமானத்தில் மாணவரை ஏற்றி, ஆபத்தான நிலைகளை வேண்டுமென்றே உண்டாக்கி, அவற்றிலிருந்து மீளும் முறையைக் கற்பித்தார். இன்றைய பறத்தல் கல்வியின் அடிப்படை இதுதான். பயிற்றுநருக்கும் தனிப் பயிற்சி வேண்டும் என்ற கருத்தும் இங்கிருந்தே வலுப்பெற்றது. இந்திய விமானப்படையில் அப்பணியைச் செய்யும் பறத்தல் பயிற்றுநர் பள்ளி 1948இல் அம்பாலாவில் தொடங்கப்பட்டு, 1954 முதல் தாம்பரத்தில் இயங்குகிறது.

இந்தியப் பெண்களில் சரளா தக்ரால் 1936இல், தமது 21ஆம் வயதில், சேலை உடுத்தி ஜிப்சி மாத் விமானத்தைத் தனியே ஓட்டினார். 2018 பிப்ரவரி 19 அன்று அவனி சதுர்வேதி ஜாம்நகரிலிருந்து மிக்-21 பைசன் விமானத்தில் பறந்து, போர் விமானத்தைத் தனியே ஓட்டிய முதல் இந்தியப் பெண்ணானார். அவ்விமானத்தில் இருப்பது ஒரே இருக்கை.

பறக்கும் முறை

சோலோ நாள் பெரும்பாலும் முன்கூட்டி அறிவிக்கப்படுவதில்லை. பயிற்றுநர் வழக்கம்போல் உடன் பறந்து இரண்டு மூன்று தரையிறக்கங்களைப் பார்ப்பார். காற்று அமைதியாக இருந்து, மாணவரின் கையும் நிதானமாக இருந்தால், விமானத்தை ஓரமாக நிறுத்தச் சொல்லி இறங்கிக்கொள்வார். இந்த முடிவு எளிதன்று. ஒருநாள் முந்தினால் உயிருக்கு ஆபத்து. வீணாகத் தள்ளிப்போட்டால் மாணவர் தம்மேல் வைத்த நம்பிக்கை தளரும். அவர் பார்ப்பது அழகான தரையிறக்கத்தை அல்ல. தரையிறக்கம் சரியாக அமையவில்லை என்று மாணவரே உணர்ந்து, பிடிவாதம் பிடிக்காமல் மீண்டும் மேலேறுகிறாரா என்பதையே கவனிப்பார்.

பயிற்றுநர் இறங்கியதும் விமானத்தின் நடத்தையும் மாறுகிறது. செஸ்னா 152 என்ற சிறு பயிற்சி விமானம் மேலெழும்போது இருக்கக்கூடிய உச்ச எடை 757 கிலோ. அதில் 75 கிலோ குறைந்தால் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. எனவே விமானம் ஓடுபாதையில் குறைந்த தூரமே ஓடி எழும்பும், விரைவாக உயரும், இறங்கும்போது தரையைத் தொடாமல் சற்று நேரம் மிதக்கும். இதை முன்பே சொல்லிவைக்காவிட்டால் மாணவர் திகைத்துப்போவார்.

சுற்று என்பது செவ்வக வடிவப் பாதை. தரையிலிருந்து சுமார் 1000 அடி உயரத்தில், ஓடுபாதைக்கு இணையாக எதிர்த்திசையில் பறந்து, இருமுறை திரும்பி, மீண்டும் ஓடுபாதைக்கு நேராக வரவேண்டும். இடையில் வானொலியில் கட்டுப்பாட்டுக் கோபுரத்துடன் பேசவும் வேண்டும். பலருக்கு உண்மையான தனிமை உறைப்பது இணைப்பாதையில்தான். அங்கே கைவேலை குறைவு.

தகுதி

இந்தியாவில் மாணவ விமானி உரிமம் பெறக் குறைந்தது 16 வயதும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் மருத்துவச் சான்றும் தேவை. ஆவடியில் விமானப்படை நிலையம் இருப்பதால் அம்பத்தூர், பூந்தமல்லிப் பக்கத்து மாணவர் சிலர் அங்கே விமானம் ஓட்டக் கற்கலாம் என எண்ணுவதுண்டு. அங்குள்ளது தரை ஊர்திகளுக்கான பயிற்சி நிலையம். விமானம் ஓட்ட விரும்புவோர், சிவில் விமானப் போக்குவரத்து தலைமை இயக்குநரகத்தின் ஒப்புதல் பெற்ற பள்ளிகளையே நாடவேண்டும்.

சோலோ முடித்தவரின் சட்டையின் பின்பகுதியை வெட்டுவதோ, தலையில் தண்ணீர் ஊற்றுவதோ பல நாடுகளில் வழக்கம். அதனால் அவர் விமானி ஆகிவிடுவதில்லை. தனியார் விமானி உரிமத்திற்கு 40 மணி நேரமும், வணிக விமானி உரிமத்திற்கு 200 மணி நேரமும் பறந்திருக்க வேண்டும். அடுத்த வகுப்பில் பயிற்றுநர் மறுபடியும் பக்கத்து இருக்கைக்கு வந்துவிடுவார்.