படம் எடுத்தால் மட்டும் போதுமா?

மைசூர் சரஸ்வதிபுரத்தில் எங்கள் வீட்டை ஒட்டிய மனையில், சென்ற ஆண்டு அஸ்திவாரம் தோண்டினார்கள். இரண்டே நாளில் எங்கள் சுவரில் விரிசல் கண்டது. செல்போனில் பத்துப் படங்கள் எடுத்து, வாட்ஸ்அப்பில் வக்கீலுக்கு அனுப்பினேன். போனில் இடம் போதவில்லை என்று பிறகு அவற்றை அழித்தும் விட்டேன்.

வக்கீல் கேட்ட முதல் கேள்வி, "மூலப் படம் எங்கே சார்?"

அந்தக் காலத்தில் ஸ்டூடியோக்காரர் எடுத்த படத்துக்குக் கோர்ட்டில் நெகட்டிவைக் கேட்பார்கள். இன்றைய நெகட்டிவ், போனில் உள்ள மூலக் கோப்புதான். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். எடுத்த தேதி, நேரம் பற்றிய உட்குறிப்புகளும் போய்விடும்.

மகாராஷ்டிராவில் ஜால்னா தொகுதியின் 2014 தேர்தலில், வேட்புமனு உரிய நேரத்துக்குள் தாக்கலானதா என்று வழக்கு எழுந்தது. தேர்தல் அதிகாரியின் அலுவலகத்தில் பதிவான வீடியோவே சாட்சி. அவ்வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020இல் தெளிவாகச் சொன்னது: பதிவு செய்த சாதனத்தையே அதன் சொந்தக்காரர் கொண்டுவந்து சாட்சி சொல்லலாம்; நகலைக் கொடுத்தால் சான்றிதழ் கட்டாயம்.

1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் நடைமுறையில் உள்ளது. அதன் 63ஆம் பிரிவின்படி சான்றிதழுக்கு இரண்டு பகுதிகள்: ஒன்று படத்தைத் தருபவர் தருவது, மற்றது நிபுணர் தருவது. இரண்டிலும் கோப்பின் 'ஹாஷ்' எண் இருக்கவேண்டும். இது கோப்பின் கைரேகை மாதிரி. படத்தில் ஒரு புள்ளி மாறினாலும் எண் மாறிவிடும்.

ஆகவே அன்பர்களே, விபத்தோ வீட்டுத் தகராறோ, முதலில் இடம் முழுவதும் தெரியும்படி ஒரு படம் எடுங்கள். பிறகு சற்று நெருங்கி ஒன்று. கடைசியில் சேதத்தின் அருகே ஓர் அளவுகோலை வைத்து ஒன்று. எதையும் வெட்டாதீர்கள், வெளிச்சம் கூட்டாதீர்கள். மூலத்தை அழிக்காமல், வேறொரு இடத்திலும் ஒரு நகல் வையுங்கள். அனுப்புவதானால் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புங்கள்.

எங்கள் விஷயம் கோர்ட்டுக்குப் போகவில்லை. பெரியவர்கள் முன்னிலையில் பேசி முடித்துக்கொண்டோம். சுவரைச் சரிசெய்த செலவில் பாதிதான் கிடைத்தது. மீதிப் பாதி, போனில் இடம் பண்ணியதற்கு நான் கொடுத்த விலை!