வீட்டினுள் நாற்று வளர்க்கும் விளக்குகள்

கதிரவன் ஒளிக்குக் குறைவில்லாத நாடு கொங்கு நாடு. ஆயினும் அண்மைக் காலமாகச் சங்கங்களைப் பார்வையிடச் செல்லுமிடங்களில், "வீட்டினுள் கீரையும் நாற்றும் வளர்க்க மின்விளக்கு வாங்கலாமா? அதற்குக் கடன் கிடைக்குமா?" என்று அங்கத்தினர்கள் நம்மை வினவுகின்றனர். கடன் பணம் வீணாகாமலும், வீட்டில் விபத்து நேராமலும் இருக்கவேண்டுமாயின் சில விஷயங்களை முன்னரே அறிதல் அவசியம்.

விளக்கொளியில் பயிர் வளர்வது நமக்குப் புதிதன்று. நம் தோட்டங்களில் நடப்படும் ஜி-9 திசு வளர்ப்பு வாழைக் கன்றுகள், தம் இளம்பருவத்தை ஆய்வுக்கூடத்துக் குப்பிகளில், நாளொன்றுக்குச் சுமார் 16 மணி நேர விளக்கொளியிலேயே கழித்தவை. நீலகிரி, ஓசூர்ப் பகுதிப் பசுமைக்குடில்களில் சாமந்திக்கு இரவில் விளக்கேற்றுவோரும் உளர். ஆனால் இவ்விரண்டும் வெவ்வேறு வேலைகள். இரவு நீண்டால் மொட்டு விடுவது சாமந்தியின் இயல்பு. செடி போதிய உயரம் பெறும்வரை பூப்பைத் தள்ளிவைக்கவே அங்கு விளக்கு. அதற்கு மங்கிய ஒளியே போதும். நாற்றுக்கோ ஒளியே உணவு சமைக்கும் அடுப்பு. ஆகவே ஒளியின் அளவு இங்கு முக்கியம்.

நண்பகல் வெயில் சுமார் 1 லட்சம் லக்ஸ் ஒளி தரும். விளக்கேற்றிய அறையிலோ சில நூறு லக்ஸ்தான் இருக்கும். கீரைக்கும் காய்கறி நாற்றுக்கும் இலைமட்டத்தில் ஏறத்தாழ 10,000 முதல் 15,000 லக்ஸ் வெள்ளொளி, நாள்தோறும் 14 முதல் 16 மணி நேரம் வேண்டும். ஒளி குன்றினால் நாற்று வெளுத்து, நூல்போல் நீண்டு சாயும். விளக்கு விலகினால் ஒளி விரைந்து குறையுமாதலின், எல்.இ.டி. குழல்விளக்கை நாற்றுக்கு மேல் 15 முதல் 30 சென்டிமீட்டர் உயரத்தில் தொங்கவிட்டு, செடி வளர வளர உயர்த்தவேண்டும்.

பழைய குண்டு பல்பு, தான் எடுக்கும் மின்சாரத்தில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கையே ஒளியாக்கும்; எஞ்சியதெல்லாம் வெப்பமே. எல்.இ.டி. விளக்கே இன்று சிக்கனமானது. அதன் பெருக்கத்துக்கு வழிவகுத்த நீலநிற எல்.இ.டி.க்காக அகாசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவர் 2014-இல் நோபல் பரிசு பெற்றனர். ஊதா ஒளி வீசும் விளக்கே சிறந்ததெனச் சிலர் எண்ணுவர். வெள்ளொளியிலும் பயிர் நன்கு வளரும். இலையில் தோன்றும் நோயையும் கண்டறியலாம். பெட்டியில் "1000 வாட்" என்று அச்சிட்டிருப்பதை நம்பாது, விளக்கு உண்மையில் எடுக்கும் வாட் எவ்வளவு என்றே கேட்கவேண்டும்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். 40 வாட் கொண்ட தரமான விளக்கு சுமார் 5 சதுர அடிக்குப் போதும். அவ்விடத்தில் 98 குழிகள் கொண்ட குழித்தட்டுகள் மூன்றை வைத்து 294 நாற்றுகள் வளர்க்கலாம். நாள்தோறும் 16 மணி நேரம் எரித்தால் மாதம் 19 யூனிட் செலவாகும். இது தாங்கத்தக்கதே. ஆனால் ஒரு சென்ட் பரப்புக்கு இவ்வாறு விளக்கிட்டால் 87 விளக்குகளும் மாதம் சுமார் 1,670 யூனிட்டும் வேண்டும். ஆதலின் விளக்கு நாற்றுக்கு உரியதேயன்றி விளைச்சலுக்கு உரியதன்று. கொல்லையில் வெயில் விழும் இடமுள்ளோர்க்கு நிழல்வலை நாற்றங்காலே ஆதாயம். கைத்தறிக்கும் நீர் இறைப்பதற்கும் அரசு தரும் இலவச மின்சாரத்தில் இவ்விளக்கை இணைத்தல் முறையன்று.

எல்லாவற்றினும் மேலானது உயிர்ப் பாதுகாப்பு. தறி ஓடும் அறையில் இவ்விளக்கை வைக்கலாகாது. பஞ்சுத்தூசி விளக்கின் மேலும் இணைப்புகளிலும் படிந்து சூடேறித் தீப்பற்ற ஏதுவாகும். குழித்தறியில் ஈரத் தரையில் கால் வைத்திருப்போர்க்கு மின்கசிவு பெரும் ஆபத்து. உரநீரோ மின்சாரத்தை எளிதிற் கடத்தும். எனவே நில இணைப்பும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவியும் இன்றியமையாதவை. ஈரம் படும் இடத்துக்கு ஐ.பி. 65 குறியுள்ள விளக்கு ஏற்றது. பிளக்கும் சுவிட்சும் தண்ணீர்த் தட்டுக்கு மேலாக, எட்ட இருக்கட்டும். கம்பியை நாமே முறுக்கி ஒட்டாமல், உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைத்தல் நன்று. நீர் ஊற்றுமுன் மின்சாரத்தை நிறுத்துக. எரியும் விளக்கை உற்று நோக்குவதும் கண்ணுக்குக் கேடு.

ஒவ்வொருவரும் தனித்தனியே கடன்பட்டு விளக்கு வாங்குவதைவிட, அங்கத்தினர் சிலர் ஒன்றுகூடி ஓர் அறையைப் பொது நாற்றறையாக அமைத்துக்கொள்ளலாம். முதற்கண் ஒரே விளக்கில் மூன்று தட்டு நாற்று வளர்த்து, வரவு செலவை ஏட்டில் எழுதிப் பாருங்கள். அக்கணக்கு ஆதாயம் காட்டினால் மட்டும் அடுத்த விளக்கை வாங்குங்கள்.