தானியங்கிக் கியர்ப் பெட்டியின் நோய்முதல்

பழைய மகிழுந்து வாங்குவோர் பெரிதும் அஞ்சுவது தானியங்கிக் கியர்ப் பெட்டிக்கே. கியர் மாறுகையில் வண்டி இருமுறை குலுங்கிவிட்டால், பெட்டியையே மாற்ற வேண்டும் என்று பணிமனையில் தீர்ப்பாகிவிடுகிறது. குலுக்கம் எந்த வெப்பநிலையில், எந்தக் கியருக்கு மாறும்போது எழுகிறது என்று கேளாமல் வழங்கும் அத்தீர்ப்பு, வாங்குபவரின் பொருளைப் பாழாக்குவது.

இப்பெட்டியின் உயிர் எண்ணெயின் அழுத்தம். பொறியை அடுத்து நிற்கும் முறுக்குவிசை மாற்றி, ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்னும் செருமானியப் பொறியாளர் கப்பல்களுக்காக வகுத்து 1905-இல் காப்புரிமை கோரிய கருத்திலிருந்து பிறந்தது. அதன் பின்னே சூரியச் சக்கரமும் கோள் சக்கரங்களும் வளையச் சக்கரமும் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தபடியே சுழல்கின்றன. கியர் மாறுகையில் பற்கள் இடம்பெயர்வதில்லை. எண்ணெயின் அழுத்தத்தால் ஒரு கிளட்ச் பற்ற, மற்றொன்று விடுகிறது. பற்றுவது பிந்தினால் பொறியின் சுழற்சி வீணே எகிறும். விடுவது பிந்தினால் இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்து இழுக்க, வண்டி அதிரும். நொடிக்கும் குறைவான அந்த இடைவெளியில்தான் பெரும்பாலான குறைகள் வெளிப்படுகின்றன.

ஆகவே ஆய்வு எண்ணெயில் தொடங்க வேண்டும். அளவு குறைந்தால் பம்பு காற்றையும் சேர்த்து உறிஞ்சும்; நுரைத்த எண்ணெயில் அழுத்தம் நிலைகொள்ளாது. புதிதில் பெரும்பாலும் செந்நிறமாக இருப்பது கரும்பழுப்பாகிக் கருகிய நெடி வீசினால், உராய்வுத் தட்டுகள் தீய்ந்திருக்கின்றன என்று கொள்ளலாம். அடித்தட்டின் காந்தத்தில் மென்மையான சாம்பல்நிறக் குழம்பு படிவது இயல்பு. உலோகச் சீவல்கள் கிடைத்தால் அந்த வண்டியை விட்டு விலகுவதே நன்று. தயாரிப்பாளர் குறித்த வகையல்லாத எண்ணெயும் நடுக்கத்தைத் தரும், ஏனெனில் உராய்வை நெறிப்படுத்தும் சேர்மங்கள் வகைக்கு வகை வேறுபடும்.

வண்டியை விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடேற்றி வைக்க இடங்கொடுக்கக் கூடாது. குளிர்ந்த நிலையில் நியூட்ரலிலிருந்து டிரைவுக்கு மாற்றிப் பல நொடிகள் கழிந்தே வண்டி இழுக்குமாயின், இறுகிப்போன அடைப்பு வளையங்களின் வழியே அழுத்தம் கசிவதாக ஐயுறலாம். சூடேறியபின் வழுக்கல் மிகுந்தால் தேய்மானத்தையே முதலில் ஐயுற வேண்டும். வெப்பத்தில் இளகிய எண்ணெய் தேய்ந்த இடைவெளிகளில் எளிதில் ஒழுகிவிடும்.

கணினிச் சோதனையில் பி0700 என்ற குறியீடு தோன்றினால் அதைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. கியர்ப் பெட்டியின் கணினியில் குறை பதிவாகியுள்ளது என்பதற்கு மேல் அது எதுவும் சொல்வதில்லை. பி0731 முதல் பி0735 வரையுள்ளவையே எந்தக் கியரில் சுழற்சி விகிதம் பிறழ்ந்தது என்று காட்டுகின்றன. குறியீடே இல்லாத வண்டியிலும் சுயசோதனைகள் முடிவுறாதிருந்தால், அண்மையில் பதிவை அழித்திருக்கலாம். மின்கலத்தைக் கழற்றியிருக்கவும் கூடும். அப்படிக் கழற்றிய பின் சில வண்டிகளில் கணினி தன் பழக்கத்தை மீண்டும் கற்கும் வரை கியர் கடினமாகவே விழும்.

குறை பெட்டிக்கு வெளியிலும் இருக்கும். பொறியைத் தாங்கும் ரப்பர் தளர்ந்தாலும், ஓர் உருளையில் எரிதல் தவறினாலும், அதே குலுக்கம் தோன்றும். நம் நாட்டுச் சாலைகளில் பெருகிவிட்ட ஏஎம்டி வண்டிகளில் கைக்கியர்ப் பெட்டியையே இயந்திரக் கை மாற்றுவதால், கியருக்குக் கியர் தலை சற்று முன்னசைவது அவற்றின் இயல்பு.

இவை யாவும் நீங்கிய பின்னும் குலுக்கம் நீடித்தால், பெட்டியின் சோதனைத் துளையில் அழுத்தமானியைப் பொருத்தி அளக்கலாம். அழுத்தம் தயாரிப்பாளர் குறித்த அளவுக்குச் சரியாக இருந்தால், அடைப்பிதழ்த் தொகுதியையும் மின்காந்தச் சுருள்களையும் முதலில் சோதிக்க வேண்டும். பல வண்டிகளில் அவற்றை அடித்தட்டைக் கழற்றியே அணுகிவிடலாம்.