ஈயம் அழைத்தது, சுண்ணாம்பு தாங்குகிறது

கோலாலம்பூரை நிறுவியவர் யார் என்று கேட்டால் மலேசியாவில் மூன்று பெயர்கள் எழும்: கிள்ளானை ஆண்ட ராஜா அப்துல்லா, சீனர்களின் தலைவரான கப்பித்தான் யாப் ஆ லோய், சுமத்ராவிலிருந்து வந்த சுத்தான் புவாசா. மூவருக்கும் பங்கு உண்டு. ஆனால் மூவரையும் இந்தக் காட்டுக்கு இழுத்தது ஈயம். அந்த ஈயத்தின் கதை ஏறக்குறைய 20 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்குகிறது.

நகரின் பெரும்பகுதிக்கு அடியில் கிடப்பது சுண்ணாம்புப் பாறை. 40 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே பரந்திருந்த கடலின் அடியில் படிந்தது அது. தைப்பூசத்துக்கு நாம் படியேறும் பத்துமலையும் அதே பாறைதான். பின்னொரு காலத்தில் பூமிக்குள்ளிருந்து பாறைக்குழம்பு மேலெழுந்து, மெல்லக் குளிர்ந்து, தித்திவாங்சா மலைத்தொடரின் கருங்கல்லாக உறைந்தது. அதனோடு வெள்ளீயத் தாதுவும் வந்தது.

மழை அந்தக் கருங்கல்லை அரித்தது. ஓடைகள் மணலை அடித்துச் சென்றன. தாதுவோ மணலைவிட இரண்டரை மடங்கு கனம். அரிசி அரிக்கும்போது கல் அடியில் தங்குவதுபோல அது பின்தங்கியது. மழைநீர் கரைத்துக் குடைந்திருந்த சுண்ணாம்புப் பாறையின் பள்ளங்களும் பிளவுகளும் அதைப் பிடித்து வைத்துக்கொண்டன.

1857இல் ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனத் தொழிலாளர்கள் கிள்ளான் ஆற்றில் படகேறி வந்தார்கள். இன்று மஸ்ஜித் ஜாமேக் நிற்கும் கூடுதுறையில், கோம்பாக் ஆறு வந்து கலக்கும் இடத்தில் இறங்கி, அம்பாங் வரை காட்டில் நடந்தார்கள். ஒரு மாதத்தில் 18 பேரே மிஞ்சினர். மற்றவர்களை மலேரியா கொண்டுபோனது. ஆனாலும் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஈயத்துக்கு உலகச் சந்தையில் அவ்வளவு பசி இருந்தது.

1880இல் சிலாங்கூரின் தலைநகரம் கிள்ளானிலிருந்து இங்கே மாறியது. மறு ஆண்டே தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து வந்து அத்தாப்புக் கூரை வீடுகளை அழித்தன. 1882இல் ஆட்சிப் பொறுப்பேற்ற பிரிட்டிஷ் அதிகாரி பிராங்க் சுவெட்டன்ஹாம், இனிச் செங்கல்லும் ஓடும்தான் என்றார். அதற்கான களிமண்ணும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. செங்கல் சூளைகள் எழுந்த அந்த இடமே பிரிக்பீல்ட்ஸ். 1886இல் ரயில் ஓடத் தொடங்கியபின் அது ரயில்வே குடியிருப்பாக வளர்ந்தது. தமிழகத்துத் தொழிலாளர்களும் யாழ்ப்பாணத்து எழுத்தர்களும் நிலைய அதிகாரிகளும் அங்கே வேர்விட்டார்கள். 1896இல் கோலாலம்பூர் நான்கு மலாய் மாநிலங்களின் கூட்டமைப்புக்கே தலைநகரமானது.

சுண்ணாம்புப் பாறைமேல் எழுந்த இன்னொரு நகரமான பாரிஸ், தன் அடியிலிருந்த அந்தக் கல்லை வெட்டியே தன்னைக் கட்டிக்கொண்டது. தெருக்கள் உள்வாங்கத் தொடங்கியதும், 1777இல் பழைய கல்குழிகளைக் கண்காணிக்கத் தனி அலுவலகம் அமைத்தது. கோலாலம்பூரிலோ பாறையைக் குடைந்தது தண்ணீர். பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரங்களுக்கு நிலத்தைத் துளையிட்டுப் பார்த்தபோது அடியில் குகைகள் தெரிந்தன. திட்டமிட்ட இடத்திலிருந்து கோபுரங்களைச் சுமார் 60 மீட்டர் நகர்த்தினார்கள். 452 மீட்டர் உயரத்தைத் தாங்க, நிலத்துக்குள் சில தூண்கள் 100 மீட்டரையும் தாண்டி இறங்கின.

நகரைப் பெற்ற ஆறுகள் அதை மூழ்கடிக்கவும் செய்தன. 1926, 1971 ஆண்டுகளின் வெள்ளங்கள் இன்றும் பேசப்படுகின்றன. அதற்கு விடையாக 2007இல் 9.7 கிலோமீட்டர் நீளமுள்ள ஸ்மார்ட் சுரங்கம் திறக்கப்பட்டது. அதன் ஒரு பகுதியில் சாதாரண நாட்களில் வாகனங்கள் போகும்; பெருவெள்ளம் வந்தால் சாலையை மூடி, அந்த வழியே வெள்ளத்தை நகரைத் தாண்டிக் கொண்டுபோவார்கள்.

1985இல் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்தது. ஈயச் சுரங்கங்கள் மூடப்பட்டன. மிஞ்சிய குழிகளில் நீர் தேங்கிக் குளங்களாயின. தித்திவாங்சா ஏரியும் ஒரு பழைய ஈயக் குழிதான். பத்து, ஜிஞ்சாங் பகுதிகளில் அத்தகைய குளங்கள் வெள்ளநீரைத் தேக்கி வைக்கும் இடங்களாக இன்று வேலை செய்கின்றன. ஈயத்துக்காக அன்று வெட்டிய குழிகளுக்கு நகரம் இப்படி ஒரு பயன் கண்டிருக்கிறது. தன் மண்ணை அறிந்து கட்டும் நகரமே நிலைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.