எண்ணெய்க்கு வழிவிடும் தகடுகள்

சாதாரண பைக்கின் முன் ஃபோர்க்கைக் கழற்றி மேசையில் பரப்பினால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஒன்றுக்குள் ஒன்று சறுக்கும் குழாய்கள், நீளமான ஸ்பிரிங், ஓட்டை போட்ட ஒரு தண்டு, கறுத்துப்போன கொஞ்சம் எண்ணெய். அவ்வளவுதான். எண்ணெயால் தணிக்கும் டெலஸ்கோப்பிக் ஃபோர்க்கை பிஎம்டபிள்யூ தன் ஆர் 12 வண்டியில் பூட்டி விற்பனைக்குக் கொண்டுவந்தது 1935-இல். அடிப்படை இன்றும் அதுவே. மலைச்சரிவிலும் ஆற்றுக் கல்லிலும் மணல்மேட்டிலும் ஓட்டுகிறவர்கள் தலையை உடைத்துக்கொள்வதெல்லாம், அந்த எண்ணெய் எந்த வழியாக, எவ்வளவு சிரமப்பட்டுப் போக வேண்டும் என்ற ஒரே கேள்விக்காகத்தான்.

ஸ்பிரிங் எவ்வளவு அமுங்கியதோ அவ்வளவு எதிர்த்துத் தள்ளும். வாங்கிய ஆற்றலைத் திருப்பிக் கொடுத்துவிடும். அது மட்டும் இருந்தால் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறிய வண்டி நெடுந்தூரம் குதித்துக்கொண்டே போகும். அந்த ஆற்றலை வெப்பமாக்கிக் கரைப்பது எண்ணெயின் வேலை. சக்கரம் மேலேறி ஃபோர்க் அமுங்குவதைக் கம்ப்ரெஷன் என்றும், ஸ்பிரிங் அதை மறுபடி நீட்டுவதை ரீபவுண்ட் என்றும் மெக்கானிக்குகள் சொல்வார்கள். இரண்டு திசைக்கும் எண்ணெய்க்குத் தனித்தனி வழி.

விலை குறைந்த பைக்குகள் பெரும்பாலானவற்றில் இருப்பது டேம்ப்பிங் ராட் வகை. அதில் வழி என்பது வெறும் ஓட்டை. அளவு மாறாத ஓட்டை. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. ஊசி மாட்டாத சிரிஞ்சில் தண்ணீரை மெதுவாகத் தள்ளினால் சுலபமாக வரும்; சட்டென்று அழுத்தினால் கட்டைவிரல் வலிக்கும். ஓட்டை வழியே பாயும் திரவத்தின் எதிர்ப்பு, வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு நான்கு மடங்கு. பத்து மடங்கானால் நூறு மடங்கு.

இங்கே வேகம் என்றால் ஸ்பீடோமீட்டர் காட்டுவது இல்லை, ஃபோர்க் அமுங்கும் வேகம். எண்பதில் போய் நீண்ட தாழ்வான பள்ளத்தில் இறங்கினால் ஃபோர்க் மெதுவாகவே அமுங்கும். இருபதில் ஊர்ந்துபோய்ச் செங்குத்தான ஒரு கல் விளிம்பில் மோதினால் மின்னல் வேகத்தில் அமுங்கும். ஆகவே ஒரே ஃபோர்க்கின்மேல் நேரெதிரான இரண்டு புகார்கள் வரும்: பிரேக் பிடித்தால் மூக்குக் குத்துகிறது, கல்லில் ஏறினால் மணிக்கட்டு கழன்றுவிடுகிறது. முதலாவதில் ஓட்டை பெரிதாகிவிட்டது. இரண்டாவதில் அதே ஓட்டை சிறிதாகிவிட்டது. “கெட்டியான ஆயில் ஊத்துங்க, சரியாயிடும்” என்பது பட்டறைகளில் வழக்கமாகக் கிடைக்கும் யோசனை. மூக்குக் குத்துவது கொஞ்சம் குறையும், கல்லடி இன்னும் மோசமாகும்.

கலிபோர்னியாவில் ரேஸ் டெக் நிறுவனத்தைத் தொடங்கிய பால் தீடு, இந்த வகை ஃபோர்க்கைத் தூக்கிப் போடாமலே சரிசெய்ய ஒரு வழி கொடுத்தார். அதன் பெயர் கார்ட்ரிட்ஜ் எமுலேட்டர். உள்ளங்கையில் அடங்கும் சின்ன வால்வு. டேம்ப்பிங் ராடின் தலையில் உட்கார்ந்திருக்கும். மேலிருந்து அழுத்தும் ஸ்பிரிங்தான் அதை அங்கே பிடித்துவைக்கிறது. ராடில் உள்ள கம்ப்ரெஷன் ஓட்டைகளை டிரில் செய்து பெரிதாக்கிவிட வேண்டும். இனி அவை எதையும் தடுக்காது. பொறுப்பு முழுவதும் எமுலேட்டருக்கு. ஃபோர்க் மெதுவாக அமுங்கும்போது எண்ணெய் அதிலுள்ள சிறு துளை வழியே நெருக்கியடித்துப் போகும். கல்லில் மோதி அழுத்தம் ஏறினால், குட்டி ஸ்பிரிங் மூடிவைத்திருக்கும் தகடு திறந்து பெருவழி கொடுக்கும். எந்த அழுத்தத்தில் திறப்பது என்பதை ஒரு திருகைச் சுற்றி மாற்றலாம். ரீபவுண்ட் பழைய ஓட்டையிலேயே இருப்பதால், அதற்கு மட்டும் எண்ணெயின் கெட்டித்தன்மையை மாற்றிப் பார்க்க வேண்டும். பட்டறைக்காரரின் யோசனைக்கு இப்போதுதான் அர்த்தம் வருகிறது. ஒரு எச்சரிக்கை: எமுலேட்டரின் உயரத்துக்கு ஈடாக ஸ்பிரிங்கின் மேலுள்ள ஸ்பேஸரை வெட்டிக் குறைக்க வேண்டும். இன்னொன்று, துளைத்த ராடு துளைத்ததுதான். பழையபடி வேண்டுமென்றால் புதிதாக வாங்க வேண்டும்.

இந்த எமுலேட்டர் பின்பற்ற முயலும் உண்மையான கார்ட்ரிட்ஜ் ஃபோர்க்கில் இந்த வேலையைச் செய்பவை ஷிம்கள்: வட்டமான மெல்லிய எஃகுத் தகடுகள், 0.10, 0.15, 0.20 மி.மீ. என்ற தடிமன்களில். பிஸ்டனில் உள்ள வாய்களை மூடியபடி பெரிய ஷிம் கீழேயும், மேலே போகப்போகச் சிறியவையும் கோபுரம்போல அடுக்கப்பட்டிருக்கும். எண்ணெய் தள்ளத் தள்ள அடுக்கின் விளிம்பு வளைந்து வழிவிடும். அதிகம் தள்ளினால் அதிகம் திறக்கும் என்பதால் எதிர்ப்பு இருமடியாகத் துள்ளுவதில்லை, சீராக ஏறுகிறது.

தகட்டின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிக்கு ஏற்ப மாறும். ஆகவே ஒரு 0.20 ஷிம்முக்கு இணை, இரண்டு 0.10 ஷிம்கள் என்று நினைத்தால் தப்பு, எட்டு வேண்டும். 0.15 ஷிம் ஒன்று மூன்றுக்கும் அதிகமான 0.10 ஷிம்களுக்குச் சமம். மைக்ரோமீட்டர் வைத்து அளக்காமல் கண்ணால் பார்த்து அடுக்குகிறவரிடம் ஃபோர்க்கைக் கொடுக்காதீர்கள்.

இத்தகைய அடுக்கு ஃபோர்க்கில் ஒன்று மட்டும் இல்லை. அடியில் அசையாமல் இருப்பது பேஸ் வால்வு. தண்டோடு ஓடும் பிஸ்டனின் கம்ப்ரெஷன் பக்கத்தில் இருப்பது மிட் வால்வு. தண்டு உள்ளே நுழைந்து இடம்பெயர்க்கும் எண்ணெய் பேஸ் வால்வு வழியே வெளியேறும். பிஸ்டன் வழியே மேலே போகும் எண்ணெய் மிட் வால்வைக் கடக்கும். பிஸ்டன் 24 மி.மீ., தண்டு 12 மி.மீ. விட்டம் என்று வைத்துக் கணக்கிட்டால், மிட் வால்வில் பாய்வது பேஸ் வால்வைப்போல மூன்று மடங்கு. அதனால்தான் மிட் வால்வின் தகடுகளை முழுக்க இறுக்காமல் கொஞ்சம் மிதக்க விடுகிறார்கள். அந்த இடைவெளியில் ஒரு மி.மீட்டரில் பத்தில் ஒரு பங்கு மாறினாலே ஓட்டுகிறவரின் கைக்குத் தெரியும்.

வெளியே இருக்கும் க்ளிக்கரைத் திருப்பினால் இதெல்லாம் மாறிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது ஷிம்களைத் தொடுவதே இல்லை. அவற்றைச் சுற்றிப் போகும் ஒரு சிறு கால்வாயில் உள்ள ஊசி முனையை ஏற்றி இறக்குகிறது, அவ்வளவே. மெதுவான அசைவில் வித்தியாசம் தெரியும். எண்ணெய் வெள்ளமாகப் பாயும் கல்லடியில் அந்தக் கால்வாய் ஒரு பொருட்டே இல்லை. ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 வண்டியின் 2019 மாடலில் முன் ஃபோர்க்கின் அசைவு 190 மி.மீ.; பிறகு வந்த 4வி புரோவில் 250 மி.மீ., கூடவே திருப்பி வைத்துக்கொள்ளும் வசதி. நல்ல முன்னேற்றம்தான். ஆனால் திருப்பும் குமிழ் இருப்பதாலேயே உள்ளே இருக்கும் அடுக்கு உங்கள் எடைக்கும் பாதைக்கும் பொருந்திவிடாது.

நோயை மாற்றிக் கண்டுபிடிப்பதுதான் இந்தத் துறையின் பெரிய வியாதி. வரிவரியாக மேடு விழுந்த மண்சாலையில் கை நடுங்கினால் “கம்ப்ரெஷன் கடினம்” என்று எல்லோரும் குறைக்கப் போவார்கள். பெரும்பாலும் குற்றவாளி ரீபவுண்ட். அது அளவுக்கு மீறி மந்தமாக இருந்தால், ஒரு மேட்டில் அமுங்கிய ஃபோர்க் முழுக்க நீளுமுன் அடுத்த மேடு வந்துவிடும். ஒவ்வொரு மேட்டுக்கும் இன்னும் கொஞ்சம் இறங்கி, கடைசியில் ஸ்பிரிங்கும் உள்ளே நசுங்கிய காற்றும் சேர்ந்து கல்லாகிவிடும். மென்மையான ஸ்பிரிங்கும் இதே அவஸ்தையைத் தரும். சக்கரத்தை மாட்டும்போது ஆக்ஸிலை ஒழுங்காகச் சேர்க்காமல் இறுக்கிவிட்டால் இரண்டு கால்களும் கோணலாகி உரசும். அதற்கும் பழி வால்வின்மேல்தான் விழும்.

அதனால் நல்ல ட்யூனர் முதலில் கேட்பது ஓட்டுகிறவரின் எடை. அந்த எடைக்கு ஸ்பிரிங் சரியா, ஏறி உட்கார்ந்தால் எவ்வளவு இறங்குகிறது, எண்ணெய் மட்டம் என்ன என்று பார்ப்பார். எண்ணெயின் டப்பாவில் போட்டிருக்கும் 5, 10 என்ற எண்களை அவர் நம்பமாட்டார். கம்பெனிக்குக் கம்பெனி அது மாறும். 40 டிகிரியில் பிசுக்குமை எவ்வளவு என்ற அளவைத்தான் தேடுவார். குழாயில் ஒரு கேபிள் டை கட்டிவிட்டு, ஓடித் திரும்பியதும் அது எங்கே நிற்கிறது என்று பார்ப்பார். ஷிம் பெட்டியைத் திறப்பது அதற்கப்புறம்.

பாதை மாறினால் அடுக்கும் மாறும். பெரிய தாவல்களிலிருந்து விழும் மோட்டோகிராஸ் வண்டிக்கு விறைப்பு வேண்டும். வேரும் கல்லுமாக ஊர்ந்து போகும் எண்டூரோ வண்டிக்கு அதே விறைப்பு நரகம். ராலிக்காரர்களின் பாடு தனி. ஓசூரின் டிவிஎஸ் பிரான்ஸின் ஷெர்கோவோடு சேர்ந்து டக்கார் ராலிக்குப் போயிருக்கிறது. 2024-இல் கேரளத்தின் ஹரித் நோவா அந்த அணியின் வண்டியில் ராலி 2 பிரிவை வென்றார். இத்தகைய வண்டிகள் 30 லிட்டர் அளவுக்குப் பெட்ரோலைச் சுமக்கும். அதுவே 20 கிலோவுக்கு மேல். மணலில் ஓட ஓட அந்த எடை கரைந்துகொண்டே வரும். டேங்க் நிறைந்திருக்கும்போது பொருந்திய வால்வு, காலியாகும்போது முரடாகிவிடும். இரண்டுக்கும் நடுவே எங்கோ ஓரிடத்தில் ட்யூனர் ஷிம் அடுக்கை முடித்துக்கொடுக்கிறார். மீதியைப் பாதி வழியில் க்ளிக்கரை நாலு சொடுக்குத் திருப்பி ஓட்டுகிறவர்தான் சமாளித்துக்கொள்ள வேண்டும்.