உங்களுக்குத் தெரியுமா? பழவேற்காடு டச்சுக்காரர்களின் தலைமையிடம்!

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஆலைகள் இரவும் பகலும் ஓடுகின்றன. அதே திருவள்ளூர் மாவட்டக் கடலோரத்தில், ஆசிய வணிகத்தில் ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்த பழவேற்காடு இன்று இறாலையும் நண்டையும் நம்பி நாளைக் கடத்துகிறது.

1610-இல் விஜயநகர மன்னர் இரண்டாம் வேங்கடரின் அனுமதியோடு டச்சுக்காரர்கள் இங்கே காலூன்றினார்கள். 1613-இல் கெல்டிரியா கோட்டை எழுந்தது. சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு இதுவே தலைமையிடம். இங்கிருந்து போன பருத்தித் துணிகளைக் கொடுத்துத்தான் இந்தோனேசியத் தீவுகளில் மிளகும் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கினார்கள். கோட்டையில் வெடிமருந்து தயாரித்தார்கள். பஞ்சத்தில் வாடிய ஆயிரக்கணக்கான ஏழைகளை அடிமைகளாகக் கப்பலேற்றியதும் இந்தக் கரையிலிருந்துதான். அந்தக் கொடுமையை மறைத்துவிட்டு ஊரின் பெருமையை மட்டும் பேசுவது நியாயமல்ல.

1690-இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறியது. 1825-இல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது. வணிகம் முழுவதும் சென்னைக்கு நகர்ந்தது.

ஜப்பானின் ஹிராடோவுக்கும் இதே கதிதான். டச்சு வணிகர்கள் 1609-இல் அங்கே கிடங்கு திறந்தார்கள். 1641-இல் நாகசாகிக்கு மாற்றப்பட்டார்கள். ஹிராடோவில் இன்று மக்கள்தொகை குறைந்துகொண்டே வருகிறது. ஆனாலும், அந்தப் பழைய கிடங்கை மீண்டும் கட்டி அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள்.

பழவேற்காட்டிலோ ஏரியின் முகத்துவாரம் மணலால் அடைபடும்போதெல்லாம் உள்ளே மீன்வரத்து குறைகிறது. கோட்டை இருந்த இடத்தில் புதர்தான் மிச்சம். எலும்புக்கூடு செதுக்கிய தூண்களோடு நிற்கும் டச்சுக் கல்லறைத் தோட்டத்தை இந்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கிறது. பழவேற்காட்டுக்குப் போகிறவர்கள் அதையும் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.