இரும்புக் கையும் கறக்கும் கையும்

தமிழில் இளையோருக்கான இதழ்களின் வரலாற்றில் 1972 தனித்துக் குறிக்கத்தக்க ஆண்டாகும். குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவை ஆசிரியராகக் கொண்டு கல்கி நிறுவனம் ‘கோகுலம்’ இதழைத் தொடங்கியதும், சிவகாசியிலிருந்து ‘முத்து காமிக்ஸ்’ தன் முதல் வெளியீடாக ‘இரும்புக்கை மாயாவி’யைக் கொண்டுவந்ததும் அவ்வாண்டில்தான். முன்னது சிறுவரையும் சிறுமியரையும் ஒருசேர அழைத்தது. பின்னதைச் சிறுமியரும் படித்தனர் என்றாலும், அதன் உலகம் ஆண்களால் நிறைந்திருந்தது.

பிரிட்டன் இதழொன்றுக்காக 1962இல் உருவாக்கப்பட்ட மாயாவி, விபத்தில் ஒரு கையை இழந்து உலோகக் கை பொருத்தப்பெற்றவர். உயர் மின்னழுத்தம் உடலில் பாய்ந்ததும் அவர் உருவம் மறைய, அந்தக் கை மட்டும் வெறும் காற்றில் மிதந்து துப்பாக்கியைப் பறிக்கும், கதவை உடைக்கும். முகமும் குடும்பமும் அச்சமும் கண்ணீரும் கண்ணுக்குத் தெரியாமல் போன பிறகு, அடிக்க வல்ல கை ஒன்றே எஞ்சி நிற்கும் அந்தப் படக்கட்டம், ஆண்மை பற்றி எந்த அறிவுரையும் கூறாமலேயே ஒரு தலைமுறைப் பையன்களுக்கு அதைக் கற்பித்தது.

ஆண்மை பலவகைப்படும் என்றும், அவற்றுள் ஒன்றை மட்டும் இயல்பானதாக உயர்த்திப் பெண்களையும் ஏனைய வகை ஆண்களையும் அதற்குக் கீழே நிறுத்தும் சமூக ஏற்பாட்டை ‘ஆதிக்க ஆண்மை’ எனலாம் என்றும் ஆஸ்திரேலியச் சமூகவியலாளர் கானெல் விளக்கினார். இந்த ஏற்பாட்டை இதழ்களால் அசைக்க முடியும் என்பதற்கு, 1984இல் ‘லயன் காமிக்ஸ்’ மாடஸ்டி பிளைஸி என்ற பெண்ணை நாயகியாக்கித் தன் முதல் இதழை வெளியிட்டதே சான்று. துணிச்சலான அந்தத் தேர்வுக்கு உரிய பாராட்டு இன்றளவும் கிடைக்கவில்லை. ஆயினும், ஆணைப் போல் சண்டையிடும் பெண்ணுக்குத் திறந்த அந்தக் கதவு, சோறு வடிக்கும் பையனுக்கோ தங்கையைத் தூக்கி வளர்க்கும் அண்ணனுக்கோ திறக்கவில்லை.

வீரமே ஆணின் இலக்கணம் என்பது பழைய மரபு எனச் சொல்வோர்க்கு மாமல்லபுரத்துப் பாறைகள் விடை தருகின்றன. கல்கி இதழில் 1944 முதல் 1946 வரை வந்த ‘சிவகாமியின் சபதம்’ தொடர்கதை வழியாக வாசகர் மனத்தில் பதிந்த ஊர், வாதாபியை எரிக்கப் படையெடுக்கும் மன்னனுக்கும், அவன் வந்து மீட்கும்வரை காத்திருக்கும் ஆடல்மகளுக்கும் உரியது. ஏழாம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பியின் தேர்வோ இதனினும் விரிந்தது. கிருஷ்ண மண்டபத்தில் ஓர் ஆயன் குந்தியமர்ந்து பால் கறக்கிறான், பசு தலையைத் திருப்பிக் கன்றை நக்குகிறது, சற்றுத் தள்ளிக் குழந்தையொன்றைத் தோளில் சுமந்து இன்னோர் ஆண் நிற்கிறான். மகிடாசுரமர்த்தினி குகையில் சிங்கத்தின் மேலமர்ந்து வில்லை வளைப்பவள் பெண். அவள் படையில் வாளேந்தி முன்செல்பவர்களுள்ளும் ஒரு பெண் உண்டு. கதாயுதம் ஏந்திய அசுரன் பின்வாங்குகிறான். தர்மராஜ ரதத்தில் ஆணும் பெண்ணும் ஓருடலான அர்த்தநாரி நிற்கிறார்.

கற்களை விட்டுக் கரைக்கு வந்தாலும் இதே நிலைதான். மீனவர் குப்பங்களில் மணலில் கால்நீட்டி அமர்ந்து, ஊசியும் நூலுமாகக் கிழிந்த வலையைப் பொறுமையாகப் பின்னுபவர்கள் ஆண்கள். மீனைக் கூடையில் சுமந்து சென்று விலைபேசி விற்று, கடனையும் வட்டியையும் நினைவில் வைத்துக் குடும்பத்தை நடத்துபவர்கள் பெண்கள். சறுக்குப் பலகையில் விரையும் மாமல்லபுரத்துச் சிறுமியையும் அவள் தாயையும் பற்றிய ‘கமலி’ என்னும் குறும்படம் 2020இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. அதை இயக்கியவர் சாஷா ரெயின்போ என்ற வெளிநாட்டவர். அந்தச் சிறுமியும், வலை பின்னும் அந்த ஆண்களும் தமிழ்ப் படக்கதைகளின் நாயகர்களாக வேண்டும். அதற்கான ஓவியர்களும் எழுத்தாளர்களும் இங்கேயே இருக்கிறார்கள்.